மஞ்சள் என்று நினைத்துத் துடைத்தது

1. இரண்டு வண்டிகள்

மைசூரில் ஒரு எஸ்டேட் முதலாளியின் ஷெட்டில் கார் பாலிஷ் வேலைக்குச் சேர்ந்த அன்று, டிரைவர் முருகேசண்ணன் இரண்டு பழைய சூப்பர் கார்களின் கவரை விலக்கிக் காட்டினார். சிவப்பு இத்தாலி. வெள்ளி நிறம் ஜெர்மன். இரண்டு மாடலிலும் உலகத்துக்கே சில நூறு வண்டிகள்தான் செய்தார்களாம்.

"ஜெர்மன்காரன் வாத்தியாரு மாதிரிங்க அம்மிணி. எல்லாத்துலயும் நம்பர் குத்தி, ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். இத்தாலிக்காரனுது கையில தட்டுன வண்டி. கதவைப் பாருங்க, ஒண்ணுக்கொண்ணு ஒத்தே வராது."

உண்மைதான். ஜெர்மன் வண்டியில் கதவு இடைவெளி சுற்றிலும் ஒரே அளவு. சிவப்பில் இடது கதவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும், வலது கதவில் இரண்டு.

எனக்கு வெளிப்பக்கம் மட்டும்தான். இன்ஜின் மூடியைத் திறப்பது அண்ணன் வேலை. அவர் தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்க்காரர். ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அறையில் குடும்பத்தோடு இருந்தார்.

2. ஆயுத பூஜைக்கு முந்தின நாள்

அண்ணன் பூ வாங்க மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பூஜைக்கு உள்ளேயும் சுத்தமாக இருக்கட்டும் என்று சிவப்பின் இன்ஜின் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் மஞ்சளாக நாலு கோடு. போன வருடம் அண்ணன் பூஜையில் வைத்த மஞ்சள் காய்ந்திருக்கிறது என்று நினைத்தேன். கிளீனர் அடித்து இரண்டு முறை துடைத்தேன். போய்விட்டது.

தீபாவளி முடிந்து, இரண்டில் ஒன்றை வாங்க பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். ஜெர்மன் வண்டியின் நம்பர்களை அரை மணியில் பார்த்து முடித்தார். சிவப்பின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தவர் நிமிரவே இல்லை.

"ஃபேக்டரியில மஞ்சள் கிரேயான்ல எழுதின நம்பர் எங்கே? நீங்க அனுப்பின போட்டோவில இருக்கே. மூடி ஒரிஜினல்னு நான் எப்படி நம்பறது?"

"யாரு ஒரெசித்து?" என்று முதலாளி கன்னடத்தில் கேட்டார். யார் துடைத்தது என்று. அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டார்.

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் முன்னால் நான் பேசியதே இல்லை.

"சாவி என்ற கையிலதானுங்க இருந்துச்சு" என்று அண்ணன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார்.

வந்தவர் ஜெர்மன் வண்டியைப் பேசி முடித்தார். முதலாளி அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தினார். மறுநாள் அண்ணன் அறையைக் காலி செய்தார்.

3. எட்டு நாள் கழித்து

முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"நீயா? கேட்டுட்டுத் துணிய வெக்கத் தெரியாதா?" என்று திட்டினார்.

"அண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்க சார்."

"புது டிரைவர் குடும்பத்தோட வந்தாச்சு. அன்னைக்கே சொல்லியிருந்தா அவனை நான் எதுக்கு அனுப்பறேன்?"

அண்ணனுக்குப் போன் செய்தேன். "நீங்களே சொல்லுவீங்கன்னுதானுங்க அம்மிணி அன்னைக்கு உங்க பேரச் சொல்லாம நின்னேன்" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், பழைய வண்டியில் எந்தக் கறையைக் கண்டாலும் போட்டோ எடுத்து விஷயம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுத் துணியைத் தொடுங்கள். தவறித் துடைத்துவிட்டால், யாரென்று கேட்கிற அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். அன்றே சொல்லியிருந்தால் எனக்குக் கிடைத்திருக்கக் கூடியது ஒரு திட்டு, அவ்வளவுதான்.