நீலத் துணிக்கு அடியில்

போன வருஷம் தை மாதக் கடைசியில் நடந்தது இது. திருவனந்தபுரத்துக்கு வெளியே ஒரு மேட்டில் பழைய ராஜா காலத்துக் கொட்டாரம், அதாவது அரண்மனை, ஒன்று இடிந்து கிடக்கிறது. பாதிச் சுவர்களும் கல்தூண்களும் ஒரு பெரிய முகப்பு வளைவும்தான் மிச்சம். அங்கே சர்வதேசக் கலைவிழா வைத்திருந்தார்கள். என் கணவருக்கு ஆபீஸ் வழியாக இரண்டு பாஸ் கிடைத்துவிட்டது. ஓசி பாஸ் என்றால் எங்காத்துக்காரருக்குக் கால் தரையில் பாவாது. "வந்து பாருடீ, அடிபொளியா இருக்கும் கேட்டியா" என்று நச்சரித்து, வலியசாலை வீட்டிலிருந்து என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் கல்லாற்றுக்குப் போயிருந்தபோது இவரைத் தேனீ கொட்டியது. ஒரே ஒரு தேனீ. சிரித்துக்கொண்டே தேய்த்துவிட்டவர், டீயைக் குடித்து முடிப்பதற்குள் முகமெல்லாம் வீங்கி, மூச்சுக்குத் தவித்து என் மடியிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் பிழைக்க வைத்தார்கள். இன்னொரு தடவை கொட்டினால் இதைவிட மோசமாகும், அவசர ஊசி எப்போதும் கூடவே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அது என் கைப்பையை விட்டு இறங்கியதே இல்லை.

விழா வாசலில் பையை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். மருந்து இருக்கிறது, அதையாவது எடுத்துக்கொள்கிறேன் என்று நான் மல்லுக்கு நின்றேன். இவர்தான் கையைப் பிடித்து இழுத்தார். "சாரமில்லைடீ, ஒண்ணும் ஆகாது. நாடகத்துல தேனீ எங்கேர்ந்து வரப்போறது? ஆரம்பிச்சுடுவா, வா." முன்வரிசையில் உட்காராவிட்டால் அவருக்கு ஜன்மம் சாபல்யம் அடையாது.

வளைவுக்கு நேர் எதிரே இடம் கிடைத்தது. அதன் உச்சியில் கறுப்புக் கறுப்பாய் என்னவோ தெரிந்தது. கேட்டதற்கு, "மழைக் கறைடீ, எத்தனை வருஷத்துக் கல்லு!" என்றார். நானும் நம்பினேன்.

முதல் நிகழ்ச்சி ஒரு வெளிநாட்டுக் குழுவுடையது. பேச்சே இல்லாத நாடகம். முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிய ஆண்களும் பெண்களும் ஒரு பிரம்மாண்டமான நீலத் துணியின் ஓரத்தைப் பிடித்தபடி சிலை மாதிரி நின்றார்கள். அந்தத் துணிதான் அவர்களுடைய கடல். பொழுது சாய்ந்து, விளக்குகளைப் போட்டார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு வெடி இல்லாமல் எதுவும் தொடங்காதே! உற்சவத்துக்குக் கோவிலில் போடுகிற கதினா வெடியை, வந்த விருந்தாளிகளுக்கு மரியாதை என்று வளைவுக்குப் பின்னாலேயே போட்டுவிட்டார்கள். காது அடைத்தது. கல்லெல்லாம் அதிர்ந்தது. எல்லோரும் கைதட்டினோம். அப்போதுதான் அந்தக் கறை கலைந்து பறந்தது.

"தேனீச்ச! ஓடிக்கோ!" என்று யாரோ அலறினார்கள்.

கூட்டம் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஓடியது. தேனீக்கள் விளக்குகளை மொய்த்துக்கொண்டு இரைந்தன. பை இருந்த இடத்துக்குப் போக வேண்டுமானால் அந்த விளக்குகளைத் தாண்டித்தான் போக வேண்டும். எந்நேரமும் வாய் ஓயாத மனுஷர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஏன்னா, குனியுங்கோ, குனியுங்கோ!" என்று அவரைத் தரையில் உட்கார்த்தி, புடவைத் தலைப்பை அவர் தலைமேல் போட்டுச் சுற்றினேன். கிருஷ்ணா, குருவாயூரப்பா, இந்தத் தடவை மட்டும் காப்பாத்து!

சட்டென்று எல்லா விளக்குகளும் அணைந்தன. வெளிச்சத்தைத் தேடித்தான் தேனீ வரும் என்று குழுவின் ஆள்தான் அணைத்திருக்கிறார். ஆனால் இருட்டியதும் நாங்கள் என்ன செய்தோம்? ஆளாளுக்குக் கைபேசியில் டார்ச்சைப் போட்டோம். இவரைக் கொட்டிவிட்டதா என்று பார்க்க நானும்தான் போட்டேன். இரைச்சல் நேரே எங்கள் பக்கம் திரும்பியது.

ஒரு வெள்ளை முகம் என் எதிரில் வந்தது. அந்தக் குழுவின் பெண் ஒருத்தி. என் கைபேசியைப் பிடுங்கி மண்ணில் கவிழ்த்து வைத்தாள். வாயில் விரலை வைத்துக் காட்டினாள். அடுத்த நிமிஷம் அந்த நீலத் துணி, ஓட முடியாமல் முன்வரிசையில் மாட்டிக்கொண்ட எங்கள் எல்லோர் தலைமேலும் வந்து விழுந்தது. "அனங்கல்லே, அனங்கல்லே" என்று விழாவின் தன்னார்வலர் பெண் ஒருத்தி வெளியிலிருந்து கெஞ்சினாள். அசையாதீர்கள் என்று அர்த்தம்.

துணிக்குள் கும்மிருட்டு. யாரோ அழுவதை அடக்கிக்கொண்டார்கள். மேலே மழை மாதிரி பட் பட்டென்று தேனீக்கள் விழுந்தன. அப்போது, பக்கத்திலேயே, உள்ளே, ஒரு ரீங்காரம் கேட்டது. ஒன்று நுழைந்துவிட்டது. ரீங்காரம் சுற்றிச் சுற்றி வந்து, நின்றது. எங்கே உட்கார்ந்தது என்று தெரியவில்லை. அவருடைய கழுத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். என் புறங்கையில் ஏதோ ஊர்ந்தது.

உதறினால் அது அவர்மேல் போய் உட்காரும். அதனால் உதறவில்லை. கொட்டியது. நெருப்பை வைத்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். "கொட்டிடுத்தாடீ?" என்று முணுமுணுத்தார். "இல்லைன்னா, சும்மா இருங்கோ" என்றேன். அவர் மூச்சு சீராக வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவ்வளவு பயந்து நான் என் ஆயுசில் உட்கார்ந்ததில்லை.

இரைச்சல் மெல்ல ஓய்ந்தது. துணியை விலக்கினார்கள். இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் ஓவென்று அழுதுவிட்டேன். அதற்குப் பிறகுதான் சுற்றிப் பார்த்தேன். அந்த நாடகக்காரர்கள் துணியின் ஓரத்தைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடி, வெளியே, வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். இத்தனை நேரமும் அப்படியேதான் இருந்திருக்கிறார்கள். கைபேசியைப் பிடுங்கிய பெண்ணுக்கு ஒரு கண் வீங்கி மூடிப்போயிருந்தது. வெள்ளைச் சாயத்தில் கண்ணீர் கோடு போட்டிருந்தது. அவள் இவரைக் காட்டி, நன்றாக இருக்கிறாரா என்று தலையசைத்துக் கேட்டாள். நான் கை கூப்பினேன். அவளைத் தாங்கி ஆம்புலன்ஸுக்கு அழைத்துப்போனார்கள். ஆபத்தில்லை என்று மறுநாள் விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

இப்போது அவசர ஊசி இவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. எந்த வாசலிலும் அதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. தேனீ என்றால் இன்றும் எனக்கு நடுக்கம்தான். அன்றைக்கு நான் ஒரு கொட்டு தாங்கினேன் என்றால், அது என் மனுஷருக்காக. பேர் தெரியாத எங்களுக்காக அந்தப் பெண் எத்தனை தாங்கினாளோ! அந்தத் துணிக்கு வெளியே என்னை நிறுத்தியிருந்தால் ஓரத்தை விடாமல் பிடித்திருப்பேனா என்று அடிக்கடி கேட்டுக்கொள்கிறேன்; இன்னும் துணிந்து ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.