எல்லார் திரையிலும் ஒரு மன்னிப்பு

வரைபட அலுவலகத்தின் கணினிக்காரருக்கு வாயைவிட விரல்கள்தான் நன்றாகப் பேசும். அங்கே எல்லாரும் ஒரே பெரிய லினக்ஸ் கணினிக்குள் நுழைந்துதான் வேலை பார்க்க வேண்டும். அது கண்விழிக்கும்போது புரியாத வரிகளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் மறைத்துவிட்டு, ஆங்கில எழுத்தில் தமிழாக, "கொஞ்சம் இருங்க, எழுந்துக்கிறேன்" என்று சொல்ல வைத்தவர் அவர்தான்.

அவர் மனைவியும் அங்கேதான் வரைபடம் வரைந்தாள். ஒருநாள் காலை, வீட்டில் தங்கியிருந்த மச்சினன் காதில் விழும்படி, "உன் தம்பி திரும்பிப் போக டிக்கெட் எடுத்துட்டானா?" என்று கேட்டுத் தொலைத்தார். மனைவி அதன்பின் வாயே திறக்கவில்லை. பஸ்ஸில்கூடத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

நேரில் மன்னிப்புக் கேட்க அவருக்கு நா எழவில்லை. அவள் கணினிக்குள் நுழையும்போது அவளுக்கு மட்டும் தெரியும்படி ஒரு செய்தி எழுதினார்: "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தப்பு என் மேலதான். சாயங்காலம் நானே சமைக்கிறேன்." பதற்றத்தில், அவளுடைய கோப்பில் போட வேண்டியதை எல்லாருக்கும் பொதுவான வரவேற்புக் கோப்பில் போட்டுவிட்டார்.

முதலில் வந்தவர் ஸ்டோர்கீப்பர். "விடுங்க தம்பி. கீபோர்டு எங்க போச்சுன்னு நீங்க கேட்டதுல எனக்கு வருத்தம்தான். இப்ப மனசு ஆறிடுச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கணினிக்காரர் திருதிருவென விழித்தார். பின்னாலேயே மேலாளர் வந்தார்.

"மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் என்னைக் கேள்வி கேட்டீங்க, சரி. அதுக்காக சமையலெல்லாம் எதுக்கு? ஒரு டீ போதும்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அலுவலகமே படித்துவிட்டது, ஒருத்தியைத் தவிர. முந்தின நாள் மாலை கணினியிலிருந்து வெளியேறாமலே வீட்டுக்குப் போயிருந்த மனைவி, விட்ட இடத்திலிருந்து வரைந்துகொண்டிருந்தாள். புதிதாக நுழைகிறவர்களுக்குத்தான் அந்தச் செய்தி தெரியும்.

பக்கத்து மேசைத் தோழி அவளிடம், "உன் வீட்டுக்காரர் எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டிருக்காரே, என்ன விஷயம்?" என்றாள்.

"எல்லார்கிட்டயுமா? கேக்க வேண்டியவகிட்ட மட்டும் கேக்கல."

ஆனாலும் மனம் கேட்கவில்லை. வெளியேறி, மறுபடி நுழைந்து படித்தாள். சிரிப்பை அடக்க, எதையோ தேடுகிறவள்போல் மேசைக்கடியில் குனிந்துகொண்டாள். பிறகு நேராகக் கணவரிடம் வந்து நின்றாள்.

"இத்தனை பேருக்கும் சமைக்கப் போறீங்களா?"

"உனக்கும் உன் தம்பிக்கும் மட்டும்தான்" என்றார் அவர், திரையைப் பார்த்தபடியே.

"அவன்கிட்ட வாயால சொல்லுங்க. அவனுக்கு இந்த மெஷினுக்குள்ள நுழையக் கணக்கு கிடையாது."

மாலையில் வெங்காயம் நறுக்கியபடி, தட்டுத் தடுமாறி, மச்சினனிடம் வாயாலேயே சொல்லி முடித்தார்.

"நாளைக்குக் கிளம்பலாம்னுதான் இருந்தேன் மாமா" என்றான் அவன். "நீங்க இவ்வளவு தூரம் சொன்னப்புறம், இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போறேன்."

மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

"இருப்பா" என்றார் கணினிக்காரர். இன்னொரு வெங்காயத்தை எடுத்து நறுக்கத் தொடங்கினார்.