மதகுக் கைப்பிடியில் ஒரு பொட்டு

எங்கள் பூசை மாடத்தில் அம்மன் படத்துக்கு அருகே ஓர் இரும்புக் கைப்பிடி சாய்ந்து நிற்கிறது. முழங்கை நீளம் இருக்கும். புதிதாக வருபவர்கள் ஏதோ ஆயுதம் என்று நினைத்துக் கும்பிடுகிறார்கள். நான் தடுப்பதில்லை. சைகோனுக்கு வெளியே, ஆற்றங்கரைக் கிராமமொன்றில் இருந்த கழிவுநீர்த் தொட்டிகளின் மதகை என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஏற்றி இறக்கிய கைப்பிடி அது.

பட்டாளக் குடியிருப்பின் அழுக்கு நீரெல்லாம் அந்தத் தொட்டிகளில் தங்கித் தெளிந்த பிறகே ஆற்றுக்குப் போகும். அது கடலோடு சேர்ந்து ஏறி வடியும் ஆறு. வடியும்போது அத்தான் மதகைத் திறப்பார். நீர் கடல் பக்கம் போய்விடும். ஏறும்போது மூடிவிடுவார், இல்லையென்றால் மேற்கே இருந்த படித்துறைக்கு அழுக்கு திரும்பி வரும். அங்கேதான் அந்த நாட்டு அனாமியப் பெண்களும் என் அக்காவும் அரிசி கழுவுவார்கள். காரைக்காலிலிருந்து வந்த மனிதருக்கு அந்த ஆற்றின் ஏற்ற இறக்கம் தன் மூச்சுபோல ஆகியிருந்தது.

அக்காவுக்குப் பிறந்த முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவது பெண் பிழைத்து வந்தால், ஆடியில் அந்தப் படித்துறையில் நீர் மொண்டு, சைகோனில் பென் தான் சந்தைப் பக்கத்து மாரியம்மனுக்குக் கரகம் எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். அம்மன் கண் திறந்தாள். பெண் தவழத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்துப் பட்டாளத்தார் தொட்டி வேலையை நிறுத்தி, அத்தானை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையாளை நிறுத்தினார்களே தவிர, சாக்கடையை நிறுத்தவில்லை. மதகு திறந்தபடியே கிடந்தது. நீர் ஏறும்போதெல்லாம் படித்துறை கறுத்து நாறியது.

“குழாய்த் தண்ணி எடுத்துக்கயேன் அக்கா” என்றேன்.

“குழாயாடா எம்புள்ளயக் குடுத்துச்சு?”

அத்தான் மெதுவாக, “வடியற நேரத்துல மொண்டுக்க புள்ள, கொஞ்சம் தெளிவா இருக்கும்” என்றார்.

“பெருகற தண்ணியிலதான் கரகம் எடுக்கணும். வடியற தண்ணிய எடுத்தா வந்ததும் வடிஞ்சு போவும். உங்களுக்கு மதகுதான் தெரியும், சாமி தெரியாது.”

“சரி தாயே” என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார். கைப்பிடியைத் திருப்பித் தரச்சொல்லி யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

ஆடி பிறந்ததிலிருந்து, வேலை போன அந்த மனிதர் மறுபடி மதகுக்குப் போய், நீர் ஏறும்போதெல்லாம் மூடிவந்தார். மதகுப் பலகையின் விரிசல்களில் களிமண் அப்பினார். பக்கத்து வீட்டு அனாமியக் கிழவி கூடையில் மண் சுமந்து கொடுத்தாள். “உன் புருஷன் ஆத்துக்கு மாப்பிள்ளையாயிட்டான்டி” என்று அக்காவிடம் தன் மொழியில் சொல்லி, வெற்றிலை வாயோடு சிரித்தாள். படித்துறை நாளுக்கு நாள் வெளுத்தது.

கரகத்தன்று காலை அக்கா மஞ்சள் சேலையில் நின்றாள். “நீங்க வராம எப்படிங்க?”

“பலகை உப்பிப்போய்க் கெடக்கு, முழுசா எறங்க மாட்டேங்குது. நான் அங்கன முட்டுக்கொடுக்கணும். நான் வந்தா அழுக்கும் கூடவே வந்துரும் புள்ள.”

ஆறு ஏறியது. அக்கா இடுப்பளவு நீரில் இறங்கி மொண்டாள். குடத்துக்குள் பார்த்தேன், அடியில் கிடந்த எலுமிச்சம்பழம் தெரிந்தது.

கோயிலுக்கான வண்டிப்பாதை மதகைத் தாண்டித்தான் போகும். அத்தான் மார்பளவு சேற்றில், பலகைக்கு முதுகு கொடுத்து நின்றிருந்தார். தன்மேல் நாறுகிறதே என்று கூசி, “போ போ, நிக்காத” என்றார். அக்கா நின்றாள். தலையில் கரகம், குனிய முடியாது, இறக்கவும் கூடாது. என்னிடம் குங்குமத் தட்டை வாங்கி, ஒரு விரலில் தொட்டு நீட்டினாள். அவருக்கு எட்டவில்லை. முதுகைப் பலகையிலிருந்து எடுக்கவும் முடியவில்லை. மதகின் மேல் பொருத்தியிருந்த கைப்பிடிதான் அவள் கைக்கு எட்டியது. அதிலே பொட்டு வைத்தாள். அத்தான் அண்ணாந்து பார்த்தார். அவர் கண்ட கரகம் அவ்வளவுதான்.

அக்காவும் அத்தானும் அம்மனிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தொட்டிகளில் இப்போது நாணல் மண்டியிருக்கிறது. ஆடிதோறும் அக்காவின் அந்தப் பெண், தன் பிள்ளைகளோடு வந்து கைப்பிடியைத் துடைத்து எண்ணெய் பூசுகிறாள். துருவைச் சுரண்ட மட்டும் நான் விடுவதில்லை. சதுர முனையின் இடுக்கில் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருக்கிறது. துருவாகவும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.