ஏழுக்கு ஆறு

எங்கள் அக்கா பேஸ்பால் ஆடினாள். படாளம் பக்கத்தில் எங்கள் ஊரில் அதைச் சொன்னால் கிரிக்கெட்டா என்றுதான் கேட்பார்கள். இல்லை, குண்டாந்தடி மாதிரி ஒரு மட்டை, நாலு மூலையில் நாலு பேஸ், அடித்துவிட்டு நாலையும் சுற்றி ஓடிவந்தால் ஒரு ரன் என்று விளக்கி விளக்கி எனக்கே அலுத்துப்போயிருந்தது. எட்டாவது படித்த அக்கா மூன்றாவது பேஸில் நிற்பாள். அவளைத் தாண்டி ஒரு பந்து போகாது.

அப்பா டிப்பர் லாரி ஓட்டினார். அவள் ஆடுவதை அவர் தடுக்கவில்லை, கெடு மட்டும் வைத்திருந்தார். "பெரியவளாவற வரிக்கும் ஆடட்டும். அப்பால பேன்ட்டு போட்டுகினு கிரவுண்டுல ஓடற கதையெல்லாம் வாணாம்." அம்மா தன் பங்குக்கு ஒரு காவல் போட்டாள். அந்தக் காவல், இரண்டாவது படித்துக்கொண்டிருந்த நான். மேட்ச் என்றால் அக்கா கூடவே போகவேண்டும், ஏதாவது ஒன்று என்றால் வந்து சொல்லவேண்டும். பெரியவளாவது என்றால் உயரமாவது என்று நினைத்துக்கொண்டு, அக்காவைக் கதவோரம் நிறுத்தி நிறுத்தி அளந்து பார்ப்பேன்.

அந்த வருஷத்து முதல் மேட்ச் ஒரு சனிக்கிழமை, செங்கல்பட்டில் நடந்தது. முந்தின நாள் மழையில் கிரவுண்டெல்லாம் செம்மண் சேறு. எங்கள் டீமுக்கோ வெள்ளை பேன்ட். பாதி ஆட்டத்தில் அவர்கள் ஆறு, நாங்கள் ஒன்று. பி.டி. டீச்சர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் அக்கா தண்ணீர் பாட்டிலோடு என்னையும் இழுத்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் போனாள். உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. கதவைத் தள்ளிப் பார்த்தேன். பேன்ட்டில் ரத்தம். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் என் வாயைப் பொத்தினாள்.

"ஒண்ணுமில்லடி. அம்மாகிட்ட மூச்சு வுடாத. அடுத்த மேட்ச் ஒண்ணு கீது, அதையும் ஆடிட்டு நானே சொல்லிக்கிறேன். இன்னா?"

தலையாட்டினேன்.

திரும்பிப் போனவள் மட்டையைப் பிடித்து ஒரு அடி அடித்தாள். இரண்டாவது பேஸுக்கு ஓடும்போது, பந்து எங்கோ கிடக்க, சேற்றில் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு போனாள். "எதுக்குடி வுழற? பந்தே வர்ல!" என்று டீச்சர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் எழுந்தபோது இடுப்புக்குக் கீழே வெள்ளை என்பதே இல்லை. ஏன் விழுந்தாள் என்று எனக்கு விளங்குவதற்குப் பல வருஷங்கள் ஆயின.

அதற்குப் பிறகு ஆடினாளே ஒரு ஆட்டம், அடேயப்பா! பேய் பிடித்தமாதிரி ஓடினாள். அவளைப் பார்த்து மற்றவர்களுக்கும் வெறி ஏறிக்கொண்டது. மூன்று, நான்கு என்று ஏறி, கடைசி இன்னிங்ஸில் ஆறுக்கு ஆறு. தன் முறைக்கு அடித்துவிட்டு மூன்றாவது பேஸ் வரை ஓடி நின்றிருந்த அக்கா, அடுத்தவள் அடித்ததும் தலைகுப்புறப் பாய்ந்து வந்து கடைசி பேஸைத் தொட்டாள். ஏழுக்கு ஆறு. அவளைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள்.

பஸ்ஸில் ஒரே கூச்சல். அக்கா மட்டும் சீட்டு இருந்தும் உட்காரவில்லை. கம்பியைக் கட்டிக்கொண்டு, அடிவயிற்றைப் பிடித்தபடி நின்றாள். படாளம் வந்து சேர்வதற்குள் நான் முடிவு கட்டிவிட்டேன், இவள் பிழைக்கமாட்டாள் என்று. வீட்டில் அவள் குளிக்கப் போன உடனே அம்மாவிடம் ஓடினேன்.

"ம்மா, அக்காவுக்கு ரத்தமா வருதும்மா. டாக்டராண்ட இட்டுனு போம்மா."

அம்மா பதறுவாள் என்று பார்த்தால், சிரித்தாள். பிறகு அழுதாள். "என் ராசாத்தி" என்று என்னைக் கட்டி முத்தம் கொடுத்துவிட்டு, அச்சரப்பாக்கத்து மாமாவுக்குப் போன் போட்டாள். ஒரு மணி நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. ஈரத்தலையோடு அக்காவைச் சுவரோரம் பாயில் உட்காரவைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். இன்றைக்கும் அந்தப் பார்வை ஞாபகம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

நடுவில் பி.டி. டீச்சர் வீட்டுக்கு வந்து, இந்த ஒரு வருஷம் மட்டும் என்று அப்பாவிடம் கெஞ்சினார். அப்பா மரியாதையாகக் காபி கொடுத்து, சடங்குப் பத்திரிகையையும் கொடுத்தார். "குடும்பத்தோட வந்துடணும் டீச்சர்."

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை சடங்கு. அன்றைக்கேதான் இரண்டாவது மேட்ச். மாமா வாசலில் தென்னங்கீற்றுக் குச்சு கட்டினார், சீர்வரிசைத் தட்டுகள் தெருவையே அடைத்தன. பட்டுப்பாவாடையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானத்துக்கு மேல் டீம் மொத்தமும் கிரவுண்டிலிருந்து நேராக வந்தது. மாலையோடு நாற்காலியில் இருந்த அக்காவின் முன்னால், மண் ஒட்டிய பேன்ட்டோடு வரிசையாக நின்றார்கள்.

"மூணாவது பேஸ்ல யாருடி நின்னது?" என்று கேட்டாள் அக்கா.

பின்னால் ஒளிந்துகொண்டிருந்த ஒல்லிப் பெண்ணை முன்னால் தள்ளினார்கள்.

"பந்து வுட்டியா?"

"ஒண்ணே ஒண்ணுக்கா."

"குனிஞ்சே நில்லு. நிமிந்துட்டா கால் நடுவுல பூடும்" என்றாள் அக்கா. அவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஜெயிச்சீங்களா, இல்லியா?" என்று நடுவில் புகுந்து கேட்டேன். ஜெயிச்சிட்டோம் என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். நான் குதித்துக் குதித்துக் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. முதலில் கேட்கவேண்டியதைக் கேட்காமல் எவள் எங்கே நின்றாள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாளே, நம் அக்காவுக்கு இவ்வளவுதானா விவரம் என்று எனக்கு அன்றைக்கு ஒரே வருத்தம்.