சேசம்மாள் இறக்கச் சொன்ன கற்கள்

சேசம்மாள் செம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா. எழுந்திருக்க முடியாதவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது அவர் வேலை. வீட்டிலும் அதுதான், பக்கவாதம் வந்த கணவர் தனசீலன் கட்டிலோடு கிடக்கிறார். தாராவியில் எங்கள் சந்தில் அவர்களுக்கு ஒற்றை அறை, சிமெண்ட் ஷீட் கூரை. அதை ஒட்டி உயர்ந்து நிற்கிறது மன்சூர் அலியின் மாடி வைத்த தோல் பட்டறை.

பட்டறையின் தகரக் கூரையில் தாட்பத்ரி என்கிற நீலத் தார்ப்பாயை விரித்து, அது பறக்காமலிருக்கக் கல், பழைய டயர், உடைந்த அம்மி என்று ஏற்றி வைத்திருந்தார் மன்சூர் அலி. இங்கே முக்கால்வாசிக் கூரைகள் அப்படித்தான். சாதாரண மழைக்கு அது போதும்.

ஒரு மே மாதம் புயல் எச்சரிக்கை வந்தது. போனில் வந்ததை வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே சேசம்மாள் அண்ணாந்து அந்தக் கற்களைப் பார்த்தார். சரிந்தால் நேர் கீழே தனசீலனின் கட்டில்.

“பாய், கல்லையெல்லாம் எறக்கும்.”

“எறக்கினா தாட்பத்ரி பறந்துருமேக்கா. உள்ள தோலு கெடக்கு.”

“கயிறு போட்டுக் கூரை இரும்புல கட்டும். எம் புருஷன் தலைக்கு மேல கல்ல அடுக்கிட்டு, ஒமக்குத் தோலுதான் பெருசாப் போச்சோ?”

“காத்து அவ்வளவு வராது. டிவிக்காரன் சும்மா பயங்காட்டுவான்.”

“வரலன்னா திரும்ப ஏத்திக்கிடும். நானே தூக்கித் தாரேன்.”

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஏணியோடு வந்து நின்றார். “ஏல டிகிரி, ஏணியப் பிடி. அதுக்கும் பரீட்சை வைக்கணுமா?” என்றார், பட்டம் படித்த என்னிடம். அவர் சேலையைச் செருகிக்கொண்டு ஏறத் தொடங்கியதும் மன்சூர் அலிக்கு வெட்கமாகிவிட்டது. “எறங்குங்கக்கா, நானே போறேன்.” அவர் மேலிருந்து ஒவ்வொன்றாகத் தர, நான் கீழே சேர்த்தேன். பிறகு நைலான் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

சேசம்மாள் அதோடு விடவில்லை. பட்டறையின் கீழ்த்தளத்துக்கு மேலே கான்கிரீட் கூரை. பெட்ஷீட்டில் ஏந்தி தனசீலனை அங்கே கொண்டு வந்தோம். மாத்திரை, டார்ச், குடிதண்ணீர் எல்லாம் முன்பே வந்துவிட்டன.

“தோல் நாத்தம் தாங்கல,” என்றார் தனசீலன்.

“ஒரு நாளைக்கு ஆட்டுத்தோலோட ஆடாக் கெடங்க.”

மறுநாள் மதியம் காற்று முழு வேகத்தில் அடித்தது. வெளியே ஏதோ பெரிதாக உடைந்தது. மழை ஓய்ந்தபோது சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். உடைந்தது என்னவென்று பார்க்க ஓடிய மன்சூர் அலியின் சட்டையைச் சேசம்மாள் பிடித்துக்கொண்டார். “தண்ணிக்குள்ள வயரு கெடந்தா? கரண்டு ஆள் வந்து சொல்லட்டும்.” வாசலில் நின்று யாரையும் இறங்கவிடவில்லை. மின்சாரத்தை அணைத்துவிட்டதாக ஆள் வந்து சொன்ன பிறகுதான் சேசம்மாள் வீட்டுக்கு நடந்தோம்.

சேசம்மாளின் கூரையில் ஓர் ஓட்டை. காலிக் கட்டிலின் தலைமாட்டில் உடைந்த அம்மி கிடந்தது.

மன்சூர் அலி குனிந்து அம்மியைத் தொட்டுப் பார்த்தார். “தோலு அடுக்கின மூலை ஒழுகிருமோன்னு... கயித்த நம்பாம, அங்க கட்டாம இத மட்டும் மேலேயே விட்டுட்டேன்க்கா.”

“மத்த மூலையெல்லாம்?”

“கயித்துல நிக்குது. அந்த மூலைதான் கிழிஞ்சிட்டு.”

சேசம்மாள் கட்டிலிலிருந்து அம்மியை இறக்கி வாசலோரம் வைத்தார். “இது இனிமே மேல ஏறாது. எம் புருஷன் உம்ம பட்டறையிலயே இருக்கட்டும். எங்க கூரைக்குப் புது ஷீட்டு போட்டுட்டு வந்து சொல்லும், கூட்டிக்கிடுதேன்.”

மன்சூர் அலி தலையாட்டிவிட்டு ஏணியை எடுக்கப் போனார்.

“அந்த மூலைக்குக் கயித்தையும் எடுத்துக்கிடும்,” என்றார் சேசம்மாள்.