தேதியை மாற்றாத சர்வர்

1. மாற்றச் சொன்னார்கள்

தஞ்சாவூரில் நான் மெயில் சர்வர் நிர்வாகத்தில் சேர்ந்த இரண்டாவது வாரம். எங்கள் சர்வரில் மெயில் வைத்திருந்த, திருவையாறு பக்கத்து உழவர் குழுவின் செயலாளர் செல்வராஜ் ஆபீசுக்கு வந்தார். உறுப்பினர்களின் மெயில்களைச் சேர்த்து வைத்து, வாரக் கடைசியில் உரிய அலுவலகங்களுக்கு மொத்தமாக ‘ரீசென்ட்’ செய்வது, அதாவது வந்தபடியே மறுபடி அனுப்புவது, அவர் வழக்கம்.

“பழைய தேதியோடயே போவுதும்மா. வாங்குற ஆபீஸ்ல அடியில கெடக்குது. தேதிய மாத்தி வுடுங்க, மேல வந்துரும்.”

“அது எழுதினவங்க தேதி சார். நாம மாத்தக்கூடாது.”

“மெயிலுக்கு நீங்கதான் வக்கீலா?”

மேனேஜரும், “கஸ்டமர் கேக்குறாரு, செஞ்சு குடுத்தா என்ன?” என்றார். நான் செய்யவில்லை. யார், எப்போது, யாருக்கு மறுபடி அனுப்பினார் என்பது ‘ரீசென்ட்’ என்று தொடங்கும் தனி வரிகளாக, மெயிலின் தலைப்பகுதியான ஹெட்டரில் மேலே சேரும்படி வைத்தேன். அனுப்பியவர் பெயர், டேட், மெயிலின் அடையாள எண்ணான மெசேஜ் ஐடி மூன்றும் கீழே அப்படியே இருக்கும். செல்வராஜ் முகம் கொடுக்காமல் போனார்.

2. சம்பா மூழ்கியது

அந்த வருட மழையில் வயல்கள் மூழ்கின. மூன்று நாளுக்குள் குழுவுக்குச் சேதப் படம் அனுப்பியிருந்தால்தான் பயிர்க் காப்பீடு. கல்யாணி என்ற விவசாயி இரண்டாம் நாளே அனுப்பிவிட்டார். செல்வராஜ் வழக்கம்போல் சேர்த்து வைத்து ஆறாம் நாள் ரீசென்ட் செய்தார். தாமதம், செல்லாது என்று காப்பீட்டு அலுவலகம் திருப்பிவிட்டது.

இருவரும் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். “இடுப்பளவு தண்ணில நின்னு எடுத்த படம்ங்க. நானா லேட்டு?” என்றார் கல்யாணி.

காப்பீட்டு அதிகாரியை ஸ்பீக்கரில் போட்டோம். “ஆறாம் நாள்னு ஹெட்டர்லயே இருக்கேம்மா.”

“அது ரீசென்ட் டேட் சார். மூணு விஷயம் பாருங்க.

1. அதுக்குக் கீழ அவங்க அனுப்பின டேட் தனியா இருக்கு.
2. அடியில இருக்குற ரிசீவ்டு வரியில, எங்க சர்வர் வாங்கின நேரம் இருக்கு. ரெண்டாம் நாள் காலைல.
3. அவங்க மெயில் சர்வர் போட்ட டிஜிட்டல் கையெழுத்து அந்த டேட்டுக்கும் சேர்த்துதான். யாராவது டேட்ட மாத்தியிருந்தா ஃபெயில்னு காட்டும். நீங்களே சோதிச்சுக்குங்க.”

ஸ்பீக்கரில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

“பாஸ்னு வருது,” என்றார் அதிகாரி. “எடுத்துக்குறோம்.”

கல்யாணி செல்வராஜைத் திரும்பிப் பார்த்தார். “வர்ற வழியில சொன்னீங்களே, இந்தத் தேதியத்தான் மாத்தச் சொன்னீங்களாண்ணே?”

“இனிமே வந்த அன்னிக்கே அனுப்பிடுறேன் தாயி,” என்றார் அவர், நாற்காலியிலிருந்து எழுந்தபடி.

3. நான் கற்றது

வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இந்த ஹெட்டரைத் திறந்து காட்டுகிறேன். நீங்கள் செய்ததை மேலே எழுதுங்கள். அடுத்தவர் எழுதியதைத் தொடாதீர்கள். அன்று நான் போட்ட செட்டிங்கில் இன்றுவரை ஒரு வரிகூட மாறவில்லை.