விறாந்தையை அடைத்த அறை

பாரிசின் லா சப்பலில், ரூ பெர்தொனே தெரு நகைக்கடையில் வேலை செய்த அக்கா ஒருவர் அடுத்த கிழமை யாழ்ப்பாணம் போக இருந்தார். எங்கள் வீட்டின் வரைபடத்தை அவரிடம் கொடுத்துவிடச் சொல்லி அம்மா எழுதியிருந்தார். செல் விழுந்து இடிந்த வீட்டை அதே அத்திவாரத்தில் கட்டித் தர மேசன் ஒப்புக்கொண்டாராம். நான் கட்டடப் படவரைவு படித்தவள். வரைவது என் பொறுப்பு.

அளவுகளைச் சரிபார்க்க, பிராங்க்பேர்ட்டில் இருந்த அண்ணாவிடம் ரயிலில் போனேன். அவர் வீட்டை விட்டு வந்து பத்து வருடம். நான் வந்து இரண்டு வருடம்.

அண்ணா என்னைப் பழைய நகரத்துச் சதுக்கத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து எரிந்த இடம். இப்போது மரச்சட்ட வீடுகள் வரிசையாக நின்றன, கட்டி முடித்துச் சில வருடங்களே ஆனவை. குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிடச் சற்று வெளியே நீண்டிருக்கிறது. பொருத்துகளில் மர ஆணி. மரம் இன்னும் வெடிக்கவில்லை. அழகா என்று எழுதவில்லை. எனக்குத் தெரியவில்லை.

“ஊர் பாக்க வந்தனியோ, ஆணி எண்ண வந்தனியோ?” என்றார் அண்ணா.

“முந்தி இருந்த மாதிரியே கட்டினதோ, அண்ணை?”

“ஓம், ஆனா முழுக்க இல்லை. சண்டைக்கு முந்தி சில வீடுகளிலை இந்தச் சட்டம் ஒண்டும் வெளியிலை தெரியாதாம். பூசி மூடி இருந்ததாம். இப்ப வடிவுக்குத் திறந்து விட்டிருக்கிறாங்கள்.”

வாங்குப் பலகையில் உட்கார்ந்து, நினைவிலிருந்து தனித்தனியே வரைந்த இருவர் தாள்களையும் விரித்தோம். கிணறு, குசினி, சாமியறை எல்லாம் ஒத்துப்போயின. முன்பக்கம்தான் ஒத்துப்போகவில்லை.

“இதென்னடி அறை? எங்கடை வீட்டிலை இப்பிடி ஒரு அறை இல்லையே.”

“நீங்கள் போனாப்பிறகு விறாந்தையிலை பாதியை அப்பா அடைச்சவர். என்ரை வரையிற மேசைக்கு.”

“பிழையான வேலை. காத்து வராது. அதை எடு, விறாந்தையை முந்தின மாதிரி விடு.”

“அப்பா அதுக்கைதான் இருந்தவர், அண்ணை. செல் விழேக்கை.”

அண்ணா தன் தாளை மடித்தார். நான் மிச்சத்தைச் சொல்லவில்லை. அப்பா இறந்த அந்த மாதம்தான் என் சான்றிதழ்களைத் தேடி அனுப்பச் சொல்லி அப்பாவுக்கு எழுதியிருந்தேன். அவை அந்த அறை அலுமாரியில் இருந்தன. அறைக்கு ஒரே கதவு, வீட்டுக்குள்ளே திறப்பது.

பாரிசுக்குத் திரும்பி, சனிக்கிழமை முழுவதும் வரைந்தேன். அறையை எடுக்கவில்லை. பத்தடிக்கு எட்டடி, அப்படியே வைத்தேன். மேசனுக்கான குறிப்பில் கடைசி வரியாக இதை எழுதினேன்: முன்னறைக்கு முற்றத்துப் பக்கம் இன்னொரு கதவு. அகலம் மூன்றடி. வெளியே திறக்க வேண்டும். பழைய வீட்டில் இது இருக்கவில்லை.